தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு இரண்டு புத்தகம்

மஃறூப் நானா பேப்பரை மடித்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ராசம்மா, ஒன் பேர்லயும் கடன் ஈக்குது, தெரியுமா?" என்று கேட்டபோது நான் கால் றாத்தல் கருவாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். வட்டகொடை ஸ்டேசன் ரோட்டில் வைத்து ஒரு கைம்பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

"போன சம்பளத்துலயே ஒங்க பாக்கியத் தீத்துட்டேன் நானா. நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்காதீங்க."

"எண்ட கடைக் கடன் இல்ல புள்ள, நாட்டுக் கடன். ஒரு கொத்து அளவு இருவத்தஞ்சு சதத்துக்கு நீங்க வாங்குற அரிசிய அரசாங்கம் வெளிநாட்டுல கூடின வெலைக்கு வாங்குதாம். அந்த நட்டத்துக்குக் கடன், கடனக் கட்ட இன்னொரு கடன். தலைக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிச்சே போட்டிருக்கான் பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடு சுதந்திரம் வாங்கி, பிரஜாவுரிமைக்கு ஆட்களை எண்ணினபோது எங்கள் தலைகள் எண்ணிக்கையில் வரவில்லை. மலையில் மேகம் மூடியிருந்தது, தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடனுக்கு எண்ணும்போது மட்டும் லயம் லயமாக, காம்பரா காம்பராவாக ஒன்று விடாமல் எண்ணிவிட்டார்களே. நாங்கள் பறிக்கிற கொழுந்து கப்பலேறிப் போய்க் கொண்டுவருகிற காசில் எங்களுக்குத் தலைக்கு எவ்வளவு என்று எந்தப் பேப்பரிலாவது போட்டிருக்கிறதா என்று கேட்டேன். நானா பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். ஆனால் அதைவிட முக்கியமான செய்தி ஒன்று கைவசம் வைத்திருந்தார். அரிசிச் செலவைக் குறைப்பதற்காக, கூப்பன் அரிசி வாங்குகிற புத்தகங்களில் பொய்ப் புத்தகங்களையெல்லாம் பிடிக்கப் போகிறார்களாம். ஆளை நேரில் காட்டினால்தான் புத்தகமாம். அடுத்த சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு நுவரெலியாவிலிருந்து ஆள் வருகிறதாம்.

கருவாட்டை வாங்க மறந்து நான் தோட்டத்துக்கு நடந்தேன். மறந்ததற்குக் காரணம் உண்டு. என் டிரங்குப் பெட்டிக்குள் அப்படி ஒரு பொய்ப் புத்தகம் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனிக்கல் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நான் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் கைக்குழந்தைகளை என்னிடம் போட்டுவிட்டுப் போவார்கள். குழந்தையைப் போடும்போது கூடவே நாலு வார்த்தையையும் போடாமல் போகமாட்டார்கள். ஆகவே யார் வீட்டில் சண்டை, யார் வயிற்றில் பிள்ளை என்பதெல்லாம் தோட்டத்துத் துரைக்குத் தெரிவதற்கு முன்பு எனக்குத் தெரியும். நானாகப் போய் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தால் வருத்தப்படுவார்களே என்று எப்போதாவது கேட்டிருக்கலாம். மேல் லயத்து அம்மாக்கண்ணு செத்துப்போன புருஷனுடைய அரிசிப் புத்தகத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறாள் என்ற சேதி ஊர் முழுக்கப் பரவியதற்கு நான்தான் காரணம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தச் சமயத்தில் என் பெட்டிக்குள்ளேயே ஒன்று இருந்தது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் எனக்கு எட்டாம் காம்பரா. ஏழாம் காம்பராவில் சின்னராசா, அவன் பெண்சாதி லெட்சுமி, அவன் தாய் காளியாயி. நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். லெட்சுமிக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பதினோரு மாதத்தில் போனது, மற்றது நடக்கத் தொடங்கிய பிறகு போனது. மூன்றாவதாக அழகன் பிறந்ததும் காளியாயி ஒரு முடிவோடு என் வாசலுக்கு வந்தாள். இந்தப் பிள்ளை லெட்சுமியுடையது என்று எமனுக்குத் தெரியக்கூடாது, நீ தவிட்டுக்கு வாங்கிக்கொள் என்றாள். பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிற காரியம்தான். துரை பங்களாப் பசுவுக்கு வந்த தவிட்டில் ஒரு சிரட்டை கேட்டு வாங்கினேன். சன்னல் வழியாகத் தவிட்டை நீட்டினேன், அதே சன்னல் வழியாகப் பிள்ளையை நீட்டினார்கள். அன்றிலிருந்து மூன்று வயதில் முடியிறக்கும் வரைக்கும் அழகன் என் பிள்ளை. லெட்சுமி பால் கொடுக்கிற கூலிக்காரி. தன் வாயால் "என் பிள்ளை" என்று அவள் சொல்லக்கூடாது.

லெட்சுமி சொல்லவில்லை. ஒன்றே முக்கால் வருஷம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்காதது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்திருக்க முடியாது. பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் என்னை "அம்மா" என்றான், அவளை "லெச்சி" என்றான். லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிப் போனாள்.

புத்தகக் கதை இப்படி நடந்தது. பிள்ளை பிறந்த வாரமே மருத்துவச்சி சொல்லி, பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயா ஏழாம் காம்பராக் கணக்கில் பிள்ளையை எழுதிவிட்டார். இது தெரிந்து காளியாயி மகனைக் கடித்துக் குதறினாள். "ஆபீசுல ஏழாம் காம்பரான்னு எழுதி வச்சா எமன் படிக்க மாட்டானா?" என்று கேட்டாள். தாய்க்குப் பயந்த சின்னராசா ஆபீசுக்குப் போய், பிள்ளையை எட்டாம் காம்பராவில் எழுதச் சொன்னான். ஏழில் வெட்டச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. கேட்கக் கிளாக்கருக்கும் நேரமில்லை. வருஷப் புத்தகம் வந்தபோது ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. ஒரு அழகன், இரண்டு புத்தகம்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். முதல் வாரம் அந்த அரிசியை வாங்கி அப்படியே லெட்சுமி வீட்டில் கொடுத்தேன். பிறகு பாதி கொடுத்தேன். பிறகு என் காம்பராக் கூரை ஒழுகிய மாதம் ஒன்று வந்தது, அந்த மாதம் கொடுக்கவில்லை. நாட்டின் கடனில் எனக்கும் ஒரு கை இருக்கிறது என்று நானா சொன்னபோது முழுப் பொய் என்று சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

சேதியைக் கேட்டதும் ஏழாம் காம்பராவில் ஆலோசனை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் சுவர் வழியாகக் கேட்டிருப்பேன்.

"ஒண்ணத் திருப்பிக் குடுத்துரணும். அது சரி. ஏழாம் காம்பராப் புத்தகத்தக் குடுத்துரு. புள்ள ராசம்மா கணக்குலயே இருக்கட்டும்" என்றாள் காளியாயி.

லெட்சுமி அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "இல்ல. ராசம்மாக்கா புத்தகத்தத்தான் குடுக்கணும்."

"ஏன்டி, ஒரு வருசம் பொறுக்க முடியாதா?"

"ஒரு வருசத்துல வெட்டுனது வெட்டுனதுதான் மாமி. செலவக் கொறைக்க வர்றவங்க பொறகு கேட்டா புதுசா எழுதுவாங்களா? எனக்குப் பிரஜாவுரிமை இல்ல. ஒங்க மகனுக்கு இல்ல. அரசாங்கம் அச்சடிச்ச கடுதாசில நம்ம பேரு இருக்குறது இந்த அரிசிப் புத்தகம் ஒண்ணுலதான். அதுல அவன் யாரு வீட்டுப் புள்ளையோ, அந்த வீட்டுப் புள்ளதான் கடைசி வரைக்கும். நாளைக்கு இந்தியாவுக்குப் போன்னு சொன்னாலும், இங்கயே இருன்னு சொன்னாலும், என்கூட யாரு, ராசம்மாக்காகூட யாருன்னு இதப் பாத்துத்தான் சொல்லுவாங்க."

"புள்ள செத்துப்போனா அந்தக் கடுதாசி வந்து தூக்குமாடி?"

ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. சின்னராசா கூரையைப் பார்த்தான். அவனுக்கு எந்தச் சண்டையிலும் கூரையில்தான் வேலை. லெட்சுமி ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டாள். "ரெண்டு புள்ளையத் தூக்கிக் குடுத்தவ நான். எனக்குத் தெரியாத பயமா மாமி?" என்றாள். முடிவு எடுத்தாகிவிட்டது என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

சனிக்கிழமை கொழுந்து மடுவத்தில் மேசை போட்டார்கள். கொழுந்து நிறுக்கிற தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நுவரெலியா அதிகாரியை, கூப்பன் மாத்தயாவை, உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர். மூக்கைத் துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் கணேசமூர்த்தி ஐயா பெயர்ப் பட்டியலோடு. வெளியே ஆடி மழை, தகரத்தின் மேல் கல் கொட்டுகிற மாதிரி. லயம் லயமாக நின்றோம். பெரட்டுக்கு வராத கிழவர்களை முதுகில் சுமந்து வந்திருந்தார்கள். கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நாங்கள் இருக்கிறோம், நாங்கள் இருக்கிறோம் என்று ஒவ்வொருவராகப் போய்க் காட்டினோம். அம்மாக்கண்ணு தன் புருஷன் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

ஏழாம் காம்பரா முறை வந்தது. ஆட்களை எண்ணினார். சின்னராசா, காளியாயி, லெட்சுமி, பிள்ளை. சரி என்று அடையாளம் போடப் போனவர், அடுத்த வரியைப் பார்த்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார். எட்டாம் காம்பரா, ராசம்மா, பிள்ளை. அதே பெயர், அதே பிறந்த நாள். என்னை முன்னால் வரச் சொன்னார். ஐம்பத்து நாலு வயது, வாயில் மூன்று பல் இல்லை, பன்னிரண்டு வருஷமாகக் கைம்பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மே ளமயா காகெத?" என்றார். இது யாருடைய பிள்ளை என்று கேட்கிறார்.

பிள்ளை லெட்சுமி இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "அம்மா" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாத்தயா சிரிக்கவில்லை. ஒரே பிள்ளையை இரண்டு வீட்டில் காட்டி இரண்டு அரிசி வாங்குகிற கள்ளக் கூட்டம் இதுதான் என்று அவர் முகம் சொன்னது. அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்கித்தானே இருந்தோம்.

லெட்சுமி மெதுவாக, "மகே" என்றாள். என்னுடையது என்பதற்குச் சிங்களத்தில் அந்த ஒரு சொல் போதும். காளியாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எமனுக்குச் சிங்களம் தெரியாது என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். எனக்குங்கூட அப்போது அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

ஆனால் கிளாக்கர் விடவில்லை. பட்டியலில் இரண்டு தடவை எழுதியது அவர் கை. அந்தப் பழி தன் மேல் விழுந்துவிடும் என்ற அவசரம் அவருக்கு. "இப்பிடி முணுமுணுத்தா ஆவாது. வாக்குமூலம் எழுதணும். தமிழ்ல, சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு. பொய் சொன்னா ரெண்டு புத்தகமும் போவும், ஒம் புத்தகமும் சேந்து போவும்" என்றார்.

தவிட்டுக்கு விற்ற கதை மடுவத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். காளியாயி மருமகளின் முந்தானையைப் பிடித்தாள். "வேணாம்டி. ஒரு புத்தகம் போனாப் போவுது. என் பங்கக் குடுக்குறேன் அவனுக்கு. சொல்லாத" என்றாள். அவள் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை.

லெட்சுமி முந்தானையை மெல்ல விடுவித்தாள். பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி, மாத்தயாவின் மேசை மேலேயே நிற்க வைத்தாள். அவன் காலடியில் பட்டியல்.

"இவன் என் புள்ள. நான் பெத்த புள்ள. ஏழாம் காம்பரா லெட்சுமி புள்ள. எழுதிக்கிருங்க" என்றாள். மடுவத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது. காளியாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லெட்சுமி நிறுத்தவில்லை. "ரெண்டு புத்தகம் வச்சிருந்தது எங்க தப்பு. ஒண்ண வெட்டுங்க, அதுல வாங்குன அரிசிக்குச் சம்பளத்துல புடிங்க. இவன் பேருல இருக்குற இன்னொண்ண வெட்டக்கூடாது. நாட்டுக் கடன்ல தலைக்கு இவ்வளவுன்னு பேப்பர்ல போட்டிருக்காமே? இவன் தலையையும் சேத்துத்தானே எண்ணியிருக்கீங்க? கடன்ல இவனுக்குப் பங்கு இருக்குன்னா அரிசிலயும் இருக்கு."

மாத்தயா கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர், பிள்ளை அவளுடையதாம், மன்னிப்புக் கேட்கிறாளாம் என்று சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். மன்னிப்பை யார் கேட்டார்கள்? எனக்குப் பொறுக்கவில்லை. சேதியைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கிராமத்துப் பெண்களிடம் கீரை வாங்கிப் பழகிய சிங்களத்தில், கடன் கதையை ஒன்று விடாமல் மாத்தயாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கூடவே, இரண்டாவது புத்தகத்து அரிசியைத் தின்றது நான், அவள் இல்லை என்பதையும் சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பட்டியலின் மேல் நின்ற பிள்ளை என்னைப் பார்த்து மறுபடியும் "அம்மா" என்றுவிடுவானோ என்ற பயமாக இருக்கலாம்.

மாத்தயா மூக்கைத் துடைத்தார். பிள்ளையின் காலுக்கு அடியிலிருந்து பட்டியலை உருவினார். இதைத் தீர்க்கிற அதிகாரம் எனக்கு இல்லை, இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன், மேலே எழுதுகிறேன், பதில் வரும் என்றார். எப்போது வரும் என்று லெட்சுமி கேட்டாள். ஒரு மாதம், மூன்று மாதம் என்றார். அதுவரைக்கும் அரிசி? அவர் இரண்டு புத்தகத்தையும் பைக்குள் போட்டார். புத்தகத்தை எடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று அவள் நின்றாள். பின்னால் ஒன்பதாம் காம்பராக்காரர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெயரை வாசித்துக் காட்டச் சொன்னாள். "அழகன், தாய் லெட்சுமி" என்று கிளாக்கர் வாசித்தார். அதை அவள் நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து காளியாயி மருமகளோடு பேசுவதை நிறுத்தினாள். பிள்ளை தும்மினால் மட்டும் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு போய்விடுவாள். எனக்கும் அந்த வாரம் தூக்கமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருமுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வேறு எதையும் கேட்க எனக்கு ஆசை இல்லாமல் போன வாரம் அது ஒன்றுதான். ஒரு தடவை சளி பிடித்தது, மாத்தயாவிடமிருந்து தொற்றியதுதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். பெண்கள் பிள்ளை மடுவத்துக்கு வரும்போது தங்கள் குழந்தையைப் போட்டுவிட்டு அழகனை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டே போனார்கள்.

வியாழக்கிழமை அரிசி போடுகிற நாள். ஸ்டோருக்குப் போனபோது வரிசையின் முதல் ஆளாக லெட்சுமி நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. ஸ்டோர்க்காரர் சிவசாமி கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. புருஷன் பங்கு, மாமி பங்கு, அவள் பங்கு என்று அளந்து சாக்கில் கொட்டினார். "அவ்வளவுதாம்மா, நகரு" என்றார்.

அவள் நகரவில்லை. துண்டுக் கடுதாசியை எடுத்து நீட்டினாள்.

"துண்டுக்கெல்லாம் அரிசி இல்ல லெட்சுமி. ஆபீசுல கேட்டுக்கிட்டு வா."

"ஆபீசு இங்க வரட்டும்ங்க. நான் நிக்கிறேன்."

"பின்னால எம்பது பேரு நிக்கிறாங்க."

"அவங்களுக்கு அவசரமா இருந்தா சொல்லுவாங்க" என்றாள்.

சிவசாமி எங்களைப் பார்த்தார். எனக்கு முன்னால் அம்மாக்கண்ணு, அவளுக்கு முன்னால் அழகுமுத்து, அவன் பெண்சாதி. பொதுவாக இந்த வரிசையில் ஒரு நிமிஷம் தாமதித்தால் தாயையும் தகப்பனையும் இழுத்துப் பேசுவார்கள். அன்றைக்கு அழகுமுத்து சாக்கை விரித்துப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டான். அம்மாக்கண்ணு வெற்றிலையை எடுத்தாள். எடுத்தவள், என்ன நினைத்தாளோ, பாதியைக் கிள்ளிப் பின்னால் என்னிடம் நீட்டினாள்.

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து காளியாயி வந்தாள். வழியை விட்டோம். அவள் யாரையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. லெட்சுமி ஒரு கையால் பிடித்திருந்த சாக்கின் மறு விளிம்பைப் பிடித்து, வாயை நன்றாக அகல விரித்தாள்.

சிவசாமி பெட்டிக்குள் குனிந்து, நாலாவது பங்குக்காக அளவுக் கொத்தை அரிசிக்குள் அமிழ்த்தினார். எடுத்தபோது அரிசி கூம்பாக நின்றது. தலை தட்டுகிற கட்டையை அதன்மேல் பிடித்தபடி அவர் ஆபீசுப் பக்கத்துச் சன்னலைத் திரும்பிப் பார்த்தார். கூம்பின் உச்சியிலிருந்து ஒரு அரிசி உருண்டு, சாக்கின் விளிம்பில் பட்டு, எந்தப் பக்கம் விழுவதென்று தெரியாமல் நின்றது.